வினிகர் ஆர்லிஸும் என் பேரில் வந்த புழுக்களும்

எங்கள் எல்க் ஹாலோவில் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்வதில்லை. தேவாலயத்தில் ஒருத்தி கேக் கொண்டுவந்தால் கடைசித் துண்டை எவரும் எடுக்கமாட்டோம். அதில் பாதியை வெட்டுவோம், அந்தப் பாதியிலும் பாதியை வெட்டுவோம், கடைசியில் தட்டில் எறும்புக்குக்கூடப் போதாத தூள் கிடக்கும். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "வித்தியாசமா இருக்கு" என்போம். அதற்கு வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம். விஸ்கான்சின் முழுக்கவே இப்படித்தான் என்றாலும் எங்கள் ஊர் கொஞ்சம் அதிகம்.

இப்படிப்பட்ட ஊரில்தான் ஆர்லிஸ் புரூகர் இருபது வருஷமாகக் கோழி வைத்தியம் பார்த்தாள்.

ஆர்லிஸ் என் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேரை மூக்கு ஒழுகுகிற வயதில் ஏற்றி இறக்கியவள் என்பதால் எவனுக்கும் அவளிடம் எதிர்த்துப் பேச வராது. அறுபது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அவள் தன் சமையலறையில் "நான் ஒண்ணும் சொல்லல" என்று முணுமுணுத்தால் என் சமையலறையில் கேட்கும். புருஷன் லைல் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருப்பான். அவன் புத்திசாலி என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகள் இல்லை. "பஸ்ஸுல இருந்ததே ஏழு ஜென்மத்துக்குப் போதும்" என்பாள்.

பிள்ளைகளுக்குப் பதிலாகக் கோழிகள். தான் வேலை பார்த்த காலத்தில் வந்துபோன தலைமையாசிரியர்களின் பெயர்களையெல்லாம் அவற்றுக்கு வைத்திருந்தாள். அப்போது திட்ட முடியாதவர்களை இப்போது ஆசை தீரத் திட்டலாம் அல்லவா? "ஹெரால்டு, தண்ணிக்குள்ள எச்சம் போடாதே! உனக்கு எத்தனை தடவ சொல்றது!" என்று காலையில் கேட்கும். டோரிஸ் ஒருத்திக்கு மட்டும் திட்டு கிடையாது. அந்தப் பெயருள்ள தலைமையாசிரியை மட்டும்தான் பனிக்காலத்தில் பஸ்ஸுக்கே வந்து காபி கொடுத்தவளாம்.

எல்லாமே நீல முட்டை இடுகிற ஜாதி. ஊரில் வேறு யாரிடமும் அந்த ஜாதி இல்லை. மற்றவர்களுக்கு விற்கவும் மாட்டாள், குஞ்சு பொரிக்கவும் கொடுக்கமாட்டாள்.

அவளுடைய வைத்தியம் ஒன்றே ஒன்று. காற்றில் உதிர்ந்த ஆப்பிள்களைப் பொறுக்கிப் பீப்பாயில் போட்டு, பூண்டு நசுக்கிச் சேர்த்து, மாதக்கணக்கில் புளிக்கவைத்த வினிகர். கூடவே அரைத்த பூசணி விதை. ஊரில் எந்தக் கோழியாவது தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றால் உடனே ஆர்லிஸுக்குப் போன் போகும். பிக்கப் வண்டியில் பாட்டில்கள் கடகடக்க வந்து இறங்குவாள். கோழியைக் கவிழ்த்துப் பார்ப்பாள், நிமிர்த்திப் பார்ப்பாள், தண்ணீரில் வினிகரை ஊற்றுவாள். அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காபி குடிப்பாள். எங்கள் ஊர்க் கால்நடை டாக்டர் நீல் கோபிட்ஸ் சின்ன வயதில் அவள் பஸ்ஸில் எந்தெந்த இடத்தில் வாந்தி எடுத்தான் என்ற வரலாறு முழுவதும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

"மருந்து, ஊசி எல்லாம் ஏமாத்து வேலை. புழு கிழு எதுவா இருந்தாலும் என் வினிகர் பட்டா ஓடிடும்" என்பாள்.

கோழியும் பிழைத்துவிடும், அதுதான் ஆச்சரியம். ஒன்றிரண்டு வாரத்தில் கொண்டை சிவந்து, முட்டை இட ஆரம்பித்துவிடும். ஆர்லிஸின் பெருமை இன்னும் ஒரு சுற்று பெருக்கும்.

எனக்கும் வருஷத்துக்கு ஆறு பாட்டில் வரும். "ரொம்ப தேங்க்ஸ்டி" என்று வாங்கி வைத்துக்கொள்வேன். ஜன்னல் கண்ணாடி துடைக்க அதைப்போல ஒன்று கிடையாது. எங்கள் தெருவில் என் ஜன்னல்கள்தான் பளபளப்பு.

போன வசந்தத்தில் மழை விடாமல் பெய்தது. கோழி மேய்கிற இடமெல்லாம் சேறு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்க்கும்போதே ஆர்லிஸின் கோழிகள் சரியில்லை. கொண்டை வெளுத்துவிட்டது, இறகு சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றன. ஹெரால்டு செத்தது. அடுத்த வாரம் இன்னொரு தலைமையாசிரியர். லைலக் பூச்செடிக்குப் பக்கத்தில் அவள் குழி தோண்டுவதைப் பார்த்து, "என்னடி ஆச்சு?" என்றேன்.

"வயசாயிடுச்சு."

அந்தக் கோழிக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. "ஓ, பாவம்" என்றேன். எங்கள் ஊர்க்காரி வேறென்ன சொல்வாள்.

இரண்டு நாள் கழித்து, கால்நடை மருத்துவமனையிலிருந்து எனக்குப் போன் வந்தது. என் கோழிகளைப் பற்றி டாக்டர் நேரில் பேச வேண்டுமாம். என் பூனைக்கு அங்கேதான் வைத்தியம் என்றாலும் என் கோழிகளுக்கு ஒன்றும் இல்லையே என்று குழம்பிக்கொண்டே போனேன்.

நீல் என்னைப் பார்த்ததும் துக்க வீட்டு முகத்தோடு நாற்காலியைக் காட்டினான். "உட்காருங்க, லவோன்."

"நின்னே கேக்குறேன். சொல்லுப்பா."

"நீங்க கொண்டுவந்து வெச்ச எச்சத்தைப் பரிசோதனை பண்ணிப் பார்த்தேன். உருண்டைப்புழுவோட முட்டை ஏகப்பட்டது இருக்கு. நான் படிச்ச காலத்துலகூட ஒரே இடத்துல இவ்வளவு பார்த்ததில்ல."

"நான் எந்த எச்சத்தைக் கொண்டுவந்தேன்?"

அவன் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்தான். காலையில் கதவு திறப்பதற்கு முன்பே யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போனார்களாம். அதன்மேல் என் பேர், என் போன் நம்பர்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான் நீல். "நீங்க கோழிக்குப் பூசணி விதை குடுப்பீங்களா?"

"குடுக்க மாட்டேனே."

"எச்சத்துல அதுதான் நிறைய இருக்கு. பூண்டு வாசனையும் வருது."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. ஆனால் அவனும் எல்க் ஹாலோவில் பிறந்தவன்தானே.

"சரி," என்றான். "உங்க கோழிங்களுக்கு மருந்து தர்றேன்."

"குடுப்பா. என் கோழிங்க பாவம்" என்றேன்.

தண்ணீரில் கலக்கவேண்டிய மருந்து. அது தீரும்வரை வேறு தண்ணீர் எதுவும் வைக்கக்கூடாது. ரொம்பச் சோர்ந்த கோழிக்கு அலகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விடவேண்டும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை, ஏனென்றால் முதல் தடவை செத்த புழு போக, மிச்சமிருக்கிற முட்டையிலிருந்து புதுசு வந்திருக்கும். கொட்டகையில் கிடக்கும் ஈர மரத்தூளை முழுக்க அள்ளி எறிந்து, மேய்கிற இடத்தை மாற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தான் சொல்லும்வரை ஒரு முட்டைகூட யாரும் சாப்பிடக்கூடாது என்றான்.

சும்மா இருக்காமல், "வினிகர் ஊத்தினா புழு சாகாதா?" என்று கேட்டேன்.

"ஊறுகாய் போட்டு வெச்ச மாதிரி இருக்கும். அது பாட்டுக்கு சௌகரியமா இருக்கும்" என்றான் நீல். அப்புறம் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

நான் வீட்டுக்கு வந்து காபி போடுவதற்குள் ஆர்லிஸ் வந்துவிட்டாள். கையில் ஒரு தட்டுப் பிஸ்கட். அவள் பிஸ்கட் கொண்டுவந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"என்னடி, ஊருக்குள்ள போயிட்டு வந்தியாமே?"

"போனேன்."

"நீலுப் பய நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்."

"ஏதாச்சும் குடுத்தானா?"

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கு எதுக்குடி குடுக்கணும்? என் கோழிங்க குத்துக்கல்லாட்டம் இருக்கு. என்னவோ ஒரு புட்டியத் தூக்கிக் குடுத்தான், எதுக்குன்னே புரியல. சாக்கடையில கொட்டலாம்னு இருக்கேன்."

"ஐயையோ, கொட்டாதடி!" என்று பாதி எழுந்துவிட்டாள். உடனே உட்கார்ந்து பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "இல்ல... வீணாப் போகுமேன்னு சொன்னேன்."

"வினிகர் இருக்கும்போது மருந்து எதுக்கு? ஏமாத்து வேலைன்னு நீதானே சொல்லுவே?"

எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் விளையாட ஆசை இருந்தது. ஆனால் அவள் முகம் கோணிக்கொண்டு போனது. அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"டோரிஸ் நேத்துலேருந்து எழுந்து நிக்கல, லவோன். நெஞ்செலும்பு கத்தியாட்டம் கையில குத்துது."

எனக்கு மனசு கேட்கவில்லை. புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"ஏண்டி என் பேரைப் போட்டே?"

"உன் பூனைக்கு அங்க கணக்கு இருக்குல்ல."

"உண்மையச் சொல்லு."

"அவன் என் பஸ்ஸுல வாந்தி எடுத்த பயடி! அவன் முன்னாடி போய் நின்னு என் கோழிக்கே புழுன்னு சொல்லச் சொல்றியா? ஊர்ல ஒரு கோழி விடாம நான்தான் குணப்படுத்தியிருக்கேன். என் கோழிய மட்டும் என்னால முடியலன்னா என்னன்னு சொல்றது? யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணித் தொலைத்தேன்.

அன்றைக்கே இருவரும் சேர்ந்து கொட்டகையைச் சுரண்டினோம். கூண்டை மேட்டுப்பக்கம் இழுத்து வைத்தோம். டோரிஸை நான் மடியில் பிடித்துக்கொள்ள, ஆர்லிஸ் சொட்டு மருந்து விட்டாள். ஒவ்வொரு சொட்டுக்கும் "மன்னிச்சுக்கோ, மேடம்" என்றாள். இன்னொரு கோழிக்கு அப்போதே காலம் கடந்துவிட்டது, அதையும் புதைத்தோம். மற்றவை மெல்ல மெல்லத் தேறின. ஒரு நாள் காலையில் டோரிஸ் வேலிவரை நடந்து வந்து என் காலணிக் கயிற்றைக் கொத்தினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆர்லிஸிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் என் நிலைமையைக் கேளுங்கள். மருத்துவமனையில் போன் எடுக்கிற பெண், தீவனக் கடை கெர்மிட்டின் மச்சினி. மறுநாளே ஊர் முழுக்க லவோன் வீட்டுக் கோழிக்குப் புழு. என்னிடம் முட்டை வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் திடீரென்று கொழுப்பு கூடிவிட்டதாம், டாக்டர் முட்டையைக் குறைக்கச் சொன்னாராம். கடைத்தெருவில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்து, "எப்படி இருக்கே, லவோன்?" என்று, எனக்கே புழு வந்த மாதிரி விசாரித்தார்கள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கெர்மிட்டின் கடையில் தீவனம் வாங்கப் போனபோது அங்கே ஆர்லிஸ் நின்றிருந்தாள். நாலு பேர் கூடியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆர்லிஸுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டிய கட்டாயம்.

"நான் அப்பவே சொன்னேன் லவோன்கிட்ட," என்று ஆரம்பித்தாள். "தினமும் ரெண்டு மூடி வினிகர் ஊத்துடின்னு. கேட்டாத்தானே?"

"அப்படியா சொன்னே?" என்றேன்.

"சொன்னேனே. மறந்துட்டே போல."

என் கையில் இருபது கிலோ மூட்டை இருந்தது. அதை அவள் காலில் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கடையில் டெஸ் என்ற பெண்ணும் அவள் புருஷன் ரூபனும் இருந்தார்கள். சிகாகோவிலிருந்து அதற்கு முந்தின இலையுதிர்காலத்தில்தான் குடிவந்தவர்கள், கோழிக்கு எந்தப் பக்கம் தலை என்று அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆர்லிஸ் பேசப் பேச டெஸ் கண்கொட்டாமல் கேட்டாள்.

"எங்க கோழியும் கொஞ்சம் டல்லா இருக்கு," என்றாள் டெஸ். "ரெண்டு மூடி போதுமா, ஆர்லிஸ்?"

"நாலு ஊத்து," என்றாள் எங்கள் வைத்தியச்சி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன சொல்வாள். வண்டிக்குப் போய் இரண்டு பாட்டில் எடுத்துவந்தும் கொடுத்தாள்.

கெர்மிட் கூரையைப் பார்த்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அது எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது, ஆனால் கோபத்தில் அதை நினைக்க நேரமில்லை.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீயணைப்பு நிலையத்தில் ஊர்க் காலை விருந்து. பேன்கேக், சாசேஜ், முட்டை. கோழி வளர்க்கிற எல்லோரும் முட்டை கொண்டுபோவோம். கெர்மிட்தான் தீயணைப்புப் படைக்கும் தலைவன். விருந்துக்கு முந்தின வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்று தொப்பியைக் கையில் எடுத்துச் சுற்றினான்.

"இந்த வருஷம் முட்டைக்காக நீ சிரமப்பட வேணாம், லவோன்."

"சிரமமே இல்ல."

"இல்ல, நீ வேணும்னா... கை துடைக்கிற பேப்பர் நாப்கின் கொண்டுவாயேன்."

நாப்கின்! எங்கள் ஊரில் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாதவளைத்தான் நாப்கின் கொண்டுவரச் சொல்வார்கள். கதவைச் சாத்திவிட்டு வேலியைத் தாண்டி நேரே ஆர்லிஸின் சமையலறைக்குப் போனேன், சத்தியமாவது மண்ணாவது என்று.

அங்கே பார்த்த காட்சியில் வந்த வேலை மறந்துவிட்டது. மேஜை நிறையக் கடையில் வாங்கிய வெள்ளை முட்டை. ஈஸ்டருக்குப் பிள்ளைகள் முட்டைக்குச் சாயம் போடுவார்களே, அந்த மாத்திரைகள் நாலைந்து கிண்ணத்தில் கரைந்துகொண்டிருந்தன. ஆர்லிஸ் முழங்கைவரை நீலமாக நின்றாள்.

"என்னடி இது?"

"என் கோழி முட்டைய ஊருக்குக் குடுக்கக் கூடாதுல்ல. மருந்து இருக்கு. நான் அவ்வளவு கெட்டவளா?" என்றாள். "ஆனா நீல முட்டை இல்லாம போய் நின்னா ஏன்னு கேப்பாங்களே."

"அதுக்கு?"

"சாயம் பிடிக்கணும்னா வினிகர் ஊத்தணும்டி. பாரு, எப்படிப் பிடிச்சிருக்கு!"

ஒருவழியாக அந்த வினிகர் ஒரு காரியத்துக்கு உதவிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கடைசியில் நானும் அரை டஜன் முக்கி எடுத்துக் கொடுத்துவிட்டு, நாப்கின் வாங்கக் கிளம்பினேன்.

நாங்கள் இருவரும் மறந்துபோன ஒரு விஷயம் உண்டு. நீல முட்டையின் ஓடு உள்ளேயும் நீலமாகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் நடக்கப் பழகாத பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

விருந்தன்று பெரிய இரும்புத் தகட்டு அடுப்பின் முன்னால் ஆர்லிஸ் பேன்கேக் புரட்டும் திருப்பியோடு ராணி மாதிரி நின்றாள். முட்டை உடைத்துக் கொடுக்கிற வேலை நீலுக்கு. நான் நாப்கினை மடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நீல முட்டையை உடைத்தான். ஓட்டைப் பார்த்தான். உள்ளே பால் வெள்ளை. இரண்டாவதை உடைத்தான். அதுவும் வெள்ளை. அவன் விரல் நுனியெல்லாம் நீலமாகிக்கொண்டு வந்தது. ஓடுகளை நீலப் பக்கம் மேலே தெரியும்படி கவிழ்த்துக் கவிழ்த்துக் குப்பையில் அடுக்கினான். கெர்மிட் சாசேஜ் எடுக்க வந்தவன் குப்பைத்தொட்டியை எட்டிப்பார்த்தான். "மழை விட்டாச்சு, நல்ல நாள்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு ஒவ்வொருத்தராக அந்தத் தொட்டிப்பக்கம் போனார்கள், பார்த்தார்கள், வானிலை பற்றிப் பேசினார்கள். ஊரே பார்த்தாயிற்று. ஊரே நீல முட்டை அருமை என்று சாப்பிட்டது.

நான் சிரிப்பை அடக்க நாப்கினைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் டெஸ் வந்தாள். சாப்பிட வரவில்லை. கையில் அட்டைப்பெட்டி. ரூபன் பின்னால் கார் சாவியை உருட்டிக்கொண்டு நின்றான். டெஸ் நேரே அடுப்புக்குப் போனாள்.

"ஆர்லிஸ், நீங்க சொன்ன மாதிரியே தினமும் நாலு மூடி ஊத்தினோம். வேற எதுவும் குடுக்கல. முந்தாநாள் ஒண்ணு செத்துப்போச்சு, இன்னிக்குக் காலையில இன்னொண்ணு. இது மட்டும்தான் மூச்சு விடுது." பெட்டியைத் திறந்து காட்டினாள். "எட்டு மூடி ஊத்தணுமா?"

பெட்டிக்குள் ஒரு சின்னக் கோழி கண்ணை மூடிக்கொண்டு சரிந்து கிடந்தது. கொண்டை காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

ஆர்லிஸ் திருப்பியைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நீலைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "ஆமா, எட்டு ஊத்து" என்று அவள் சொன்னால் அவள் பேர் நிலைக்கும், யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள், அந்தக் கோழி மத்தியானத்துக்குள் செத்துவிடும். நான் வாயைத் திறந்தேன், ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"ஒண்ணும் ஊத்தாத," என்றாள். பஸ் குரல். கடைசி மேஜைவரை கேட்டது. "அது வெறும் வினிகர். ஜன்னல் துடைக்கத்தான் லாயக்கு. புழு வந்தது லவோன் கோழிக்கு இல்ல, என் கோழிக்கு. அவ பேரைப் போட்டு நான்தான் எச்சத்தைக் குடுத்தேன். அவ கோழியில ஒரு குறையும் கிடையாது. என் கோழி பிழைச்சது நீல் குடுத்த மருந்துல. இந்த முட்டை கடை முட்டை, நான் சாயம் போட்டேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க."

யாரும் சிரிக்கவில்லை. நீல் நீல விரல்களோடு பெட்டியை வாங்கிக்கொண்டு, மருந்து எடுக்க வெளியே வண்டிக்கு ஓடினான். டெஸ்ஸும் ரூபனும் பின்னாலேயே ஓடினார்கள்.

கெர்மிட் தொண்டையைச் செருமினான். "சாயம் தெரிஞ்சுதான் இருந்துச்சு, ஆர்லிஸ். பரவாயில்ல." ஆள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உண்மை பேசிப் பழக்கமில்லாதவன் ஒரு தடவை ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. "வினிகர் விஷயமும் தெரியும். நீ வந்துட்டுப் போனதும் நாங்க மருந்து குடுத்துடுவோம். கடையில பின்னாடி அலமாரியில வெச்சு வித்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"யாருக்கு வித்தே?"

கெர்மிட் சுற்றிலும் பார்த்தான். ஒவ்வொருத்தரும் தன் தட்டைப் பார்த்தார்கள். அந்தக் குனிந்த தலைகளை ஆர்லிஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாமே அவள் பஸ்ஸில் ஏறிய தலைகள்.

"எல்லாருமா?" என்றாள். "அப்ப நான் குணப்படுத்தின கோழி?"

"உன் வினிகர்ல என் காபி மெஷின் நல்லா சுத்தமாகுது," என்று யாரோ ஆறுதலாகச் சொன்னார்கள். "எனக்குக் களைச்செடிக்கு," என்றது இன்னொரு குரல்.

ஆர்லிஸ் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "மூணு கோழியப் புதைச்சேன்," என்றாள். "உலகத்துலயே அந்த வினிகரை நம்பினது நானும் அந்தச் சிகாகோக் குழந்தைங்களும்தானா? ஒருத்தராச்சும் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேடா."

"உனக்கு மனசு கஷ்டமாயிடும்னுதான்..." என்றான் கெர்மிட். முகம் தக்காளியாகியிருந்தது. "நீ வந்து காபி குடிச்சிட்டு, நீல் வாந்தி எடுத்த கதையெல்லாம் சொல்லுவியே, அது எங்களுக்குப் பிடிக்கும். வினிகர் வேணாம்னு சொன்னா நீ வரமாட்டேன்னு நெனச்சோம்."

"பிடிக்கும்னா சும்மா ஒரு நாள் கூப்பிட்டா என்னடா?" என்றாள் ஆர்லிஸ். "நான் உன் வீட்டுக்கு வந்து உக்காரணும்னா உன் கோழிக்கு நோவு வரணுமா? போன் வந்தாத்தான் எனக்கு நாளே நல்ல நாள். எவன் வீட்டுக் கோழியாவது படுத்துடாதான்னு காத்துக்கிட்டு இருந்திருக்கேன்டா நான்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு வேலிதான் இருக்கிறது. பிஸ்கட் எடுத்துக்கொண்டு அவள்தான் என் வீட்டுக்கு வருவாளே தவிர, காரியம் இல்லாமல் நான் அந்த வேலியைத் தாண்டியதே இல்லை. யாரும் வானிலை பற்றிப் பேசவில்லை. அடுப்பில் முட்டை கருகியது.

அவள் ஏப்ரனைக் கழற்றினாள், டெஸ்ஸின் கோழியைப் பார்க்க. அதை இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள யாராவது வேண்டுமே. திருப்பியை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

"ஆர்லிஸ்!" என்று கெர்மிட் பின்னாலிருந்து கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை, ஆனால் நின்றாள். அவன் என்ன சொல்வது என்று தெரியாமல் தொப்பியை இரண்டு சுற்றுச் சுற்றினான்.

"செவ்வாய்க்கிழமை வா," என்றான். "கோழிங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு."